கால் எலும்பு ஒன்று எவ்வளவு சொல்லும்?

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் 2 மீட்டர் நீளமுள்ள ஒரு கால் எலும்பு கிடைத்ததாக 1987ஆம் ஆண்டு ஓர் ஆய்வறிக்கை பதிவு செய்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரி, அய்யாசாமி இருவரும் எழுதிய அறிக்கை அது. அந்த எலும்போடு இடுப்பெலும்பு ஒன்றும், தொடை எலும்பின் துண்டும், முன்கை எலும்பும், வால் முதுகெலும்பின் ஒரு பகுதியும் விவரிக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குரிய விலங்குக்கு ‘புருகத்காயோசாரஸ் மேட்லியை’ என்று பெயர் சூட்டினார்கள். பெயரின் முதற்பாதி பேருடலைக் குறிக்கும் வடசொல்லில் தொடங்குகிறது. பிற்பாதி, இந்திய டைனோசர் ஆய்வின் முன்னோடிகளுள் ஒருவரான சார்ல்ஸ் ஆல்ஃபிரட் மேட்லியின் நினைவாக வைத்தது. அறிக்கை இந்த விலங்கை இருகாலில் நடந்த ஊனுண்ணிகளின் வரிசையில் வைத்தது. 1990களில் சங்கர் சாட்டர்ஜி அதை நீள்கழுத்துத் தாவர உண்ணிகளான சாரோபாட்களின் கூட்டத்துக்கு மாற்றினார். பின்னர் வேறு சிலர் அது எலும்புதானா, கல்லாய்ப்போன மரமா என்றே ஐயுற்றார்கள். 2023இல் வெளியான ஒரு மதிப்பீடு அதே விலங்குக்கு 110 முதல் 170 டன் வரை எடை சொல்லி, உலகில் நடமாடிய மிகப் பெரிய நிலவிலங்காக அது இருந்திருக்கலாம் என்றது. நாற்பது ஆண்டுக்குள் ஒரே எலும்புக் குவியல் இத்தனை அடையாளங்களைப் பெற்றதென்றால், கால் எலும்பைக் கொண்டு ஒரு சாரோபாடை அடையாளம் காண்பது எப்படி, அந்த அடையாளத்தை எதுவரை நம்பலாம் என்று கேட்டே ஆக வேண்டும். கால் எலும்புத் துண்டு, விலங்கின் குலத்தையும் பருவத்தையும் நன்றாகவே சொல்கிறது. பருமனை ஓரளவு சொல்கிறது. இனப்பெயரை அரிதாகத்தான் சொல்கிறது. எலும்பு எந்தப் படிவரை பேசுகிறதோ அந்தப் படியில் நின்றுகொள்வதே நேர்மையான அடையாளம் என்பது என் வாதம். எந்தப் படியில் நின்றாலும், அடுத்தவர் மறுபடி எடுத்துப் பார்க்க அந்த எலும்பு இருந்தாக வேண்டும்.

முதலில், ஏன் எப்போதும் கால் எலும்பே கிடைக்கிறது என்று பார்க்க வேண்டும். சாரோபாடின் உடல், எடையைக் குறைப்பதற்கும் எடையைத் தாங்குவதற்கும் இடையே நடந்த ஒரு பங்கீடு. கழுத்து முதுகெலும்புகளுக்குள் காற்றறைகள் புகுந்து அவற்றை மெல்லிய தகடுகளும் தடுப்புகளுமாக ஆக்கியிருந்தன. தலை, உடலோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. செத்த உடலிலிருந்து சீக்கிரமே கழன்றுவிடும். கால்களோ தூண்கள். தடித்த புறச்சுவரும் உள்ளே நெருங்கிய பஞ்செலும்புமாக உருவானவை. ஆற்று வெள்ளம் பிணத்தைப் புரட்டி எலும்புகளைக் கலைக்கும்போது மெல்லியவை நொறுங்கிப்போக, தூண்கள் எஞ்சுகின்றன. இதில்தான் சிக்கலும் இருக்கிறது. ஓர் இனத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் நுணுக்கங்கள் முதுகெலும்பின் தகடுகளிலும் மண்டையோட்டிலும் பற்களிலுமே செறிந்திருக்கின்றன. கால் எலும்பு எல்லாச் சாரோபாட்களுக்கும் ஒரே வேலையைச் செய்தது. பல டன் எடையை நிமிர்ந்த தூணாக நின்று சுமந்தது. ஒரே வேலை ஒரே மாதிரியான வடிவத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆக, மிகுதியாகக் கிடைப்பது குறைவாகப் பேசுகிறது; மிகுதியாகப் பேசுவது அரிதாகக் கிடைக்கிறது.

குறைவாகப் பேசுகிறது என்றாலும் ஊமை என்று தள்ளிவிட முடியாது. இரு முனையும் உடைந்த, ஒரு முழ நீளத் தொடை எலும்புத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதலில் பார்க்க வேண்டியது உடைந்த முகத்தை. மரமாக இருந்தால் வளையங்களும், நடுவிலிருந்து வெளியே ஓடும் கதிர்களும் தெரியும். எலும்பாக இருந்தால் வெளியே அடர்ந்த சுவரும் உள்ளே வலை போன்ற பஞ்செலும்பும் தெரியும். உள்ளே அகன்ற குழி வெறுமையாக இருந்தால் ஊனுண்ணியை நினைக்கத் தோன்றும். பெரும்பகுதி பஞ்செலும்பால் நிறைந்திருந்தால் சாரோபாடை நினைக்கத் தோன்றும். அடுத்து குறுக்குவெட்டின் வடிவம். சாரோபாடின் தொடை எலும்பு முன்பின்னாகத் தட்டையாகி, பக்கவாட்டில் அகன்று, நீள்வட்டமாக இருக்கும். பிறகு, விரலால் தடவினால் பின்புறத்தில் உள்ளோரமாக ஒரு நீண்ட தாழ்ந்த மேடு தட்டுப்படும். வாலின் அடியிலிருந்து வந்து காலைப் பின்னுக்கு இழுத்த பெருந்தசை பற்றிய இடம் அது. இகுவானோடான் போன்ற விலங்குகளில் இந்த மேடு தெளிவாகத் துருத்திக்கொண்டிருக்கும். சாரோபாடில் தணிந்து கிடக்கும். இந்த ஒரு மேட்டைக் கண்டுகொண்டாலே துண்டின் பின்பக்கம் எது, உட்பக்கம் எது, அது இடக்காலா வலக்காலா, தண்டின் எந்த உயரத்திலிருந்து உடைந்தது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒரு முழத் துண்டிலிருந்து இவ்வளவு பெறலாம்.

வரலாறும் கால் எலும்பின் பக்கம் சாட்சி சொல்கிறது. 1841இல் ரிச்சர்ட் ஓவன் இங்கிலாந்தில் கிடைத்த பெரிய முதுகெலும்புகளைக் கண்டு சீட்டியோசாரஸ், அதாவது திமிங்கிலப் பல்லி, என்று பெயரிட்டார். எலும்பின் பஞ்சுத் தன்மை திமிங்கிலத்தை நினைவூட்டியதால் அதைக் கடலில் வாழ்ந்த ஊர்வனவாகவே கொண்டார். அடுத்த ஆண்டு அவரே டைனோசர் என்ற பெயரை உருவாக்கியபோதும் இந்த விலங்கை அதில் சேர்க்கவில்லை. அந்தப் பார்வையைத் திருப்பியவை கால் எலும்புகள். 1850இல் கிடியன் மாண்டெல், சசெக்ஸ் பகுதியில் கிடைத்த 54 அங்குல நீள முன்கால் மேலெலும்பு ஒன்றில் மஜ்ஜைக் குழி இருப்பதைக் காட்டி, இது நிலத்தில் நடந்த பேருருவம் என்று வாதிட்டுப் பெலோரோசாரஸ் என்று பெயர் வைத்தார். 1871இல் ஜான் பிலிப்ஸ், ஆக்ஸ்ஃபோர்டு அருகே கிடைத்த தொடை எலும்பையும் பிற எலும்புகளையும் ஆராய்ந்து, சீட்டியோசாரஸ் நிலத்தில் நடக்கக்கூடிய விலங்கு என்றார். முதுகெலும்பின் பஞ்சுத் தன்மையை நம்பி அந்தக் காலத்தின் தலைசிறந்த உடற்கூற்று அறிஞர் கடலுக்குப் போனார். அந்த விலங்கைக் கரைக்குக் கொண்டுவந்தவை கால்கள். விலங்கு எப்படி நின்றது, எங்கே வாழ்ந்தது என்ற கேள்விக்குக் கால் எலும்பு சொல்லும் பதிலுக்கு நிகராக வேறெதுவும் இல்லை.

குலத்திலிருந்து ஒரு படி கீழே, குடும்பத்தின் அளவிலும் அது பேசும். டிப்ளோடோகஸ் வகையின் தொடை எலும்பைப் பக்கத்தில் நிறுத்தினால் அதன் வெளியோரம் ஏறக்குறைய நேர்கோடாக ஓடும். பிராக்கியோசாரஸ், டைட்டனோசார் ஆகியவை அடங்கிய கிளையில் மேல் மூன்றிலொரு பங்கில் வெளியோரம் புடைத்து, தலைப்பகுதி உட்பக்கமாகச் சாய்ந்திருக்கும். டைட்டனோசார்களில் தண்டு இன்னும் தட்டையாகிறது. ஜெஃப்ரி வில்சனும் மாத்யூ கரானோவும் 1999இல் இந்த வடிவத்தை, இடவல அடிகள் அகன்று விழுந்த கால்தடங்களோடு பொருத்திக் காட்டினார்கள். பாறையில் பதிந்த அகலத் தடத்துக்கும் தொடை எலும்பின் சாய்வுக்கும் ஒரே நடைதான் காரணம் என்ற அந்த விளக்கம் இத்துறையின் அழகான இணைப்புகளில் ஒன்று. இந்தியாவின் கிரெட்டேசியக் கால இறுதிப் பாறைகளில் கிடைக்கும் சாரோபாட் எலும்புகள் டைட்டனோசார்களுடையவை என்று கொள்ள இத்தகைய வடிவக் கூறுகளும் துணை நிற்கின்றன.

ஆனால் இந்த வாசிப்பு முழுவதும் ஒரு முன்நிபந்தனையின் மேல் நிற்கிறது. கையில் இருப்பது எந்த எலும்பு என்பது சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1900இல் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன் அருகே எல்மர் ரிக்ஸ் குழுவினர் தோண்டியெடுத்த நீண்ட எலும்பு ஒன்றை, நசுங்கிய தொடை எலும்பு என்றே முதலில் நினைத்தார்கள். 2 மீட்டருக்கும் சற்று அதிகமான நீளத்தில் முன்கால் எலும்பு இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. சுத்தம் செய்து பார்த்தபோது அது முன்காலின் மேலெலும்பு என்று தெரிந்தது. 204 சென்டிமீட்டர் நீளம். அதே விலங்கின் தொடை எலும்பு 203. முன்கால் பின்காலுக்கு நிகராக நீண்டிருந்த அந்தப் பொருத்தமே 1903இல் பிராக்கியோசாரஸ் என்ற பெயருக்கு வழிவகுத்தது. அர்ஜென்டினாவிலும் இப்படி நடந்தது. 1987இல் ஒரு பண்ணை உரிமையாளர் தம் நிலத்தில் கண்டதைக் கல்லாய்ப்போன மரம் என்று முதலில் எண்ணினார். 1993இல் அர்ஜென்டினோசாரஸ் என்று பெயர் பெற்ற அந்த விலங்கின் 155 சென்டிமீட்டர் கால் எலும்பு, முழங்காலுக்குக் கீழே எடையைத் தாங்கும் டிபியா என்று விவரிக்கப்பட்டது. அது பக்கத்தில் துணையாக நிற்கும் மெல்லிய ஃபிபுலா என்று 2004இல் திருத்தப்பட்டது. இரண்டு திருத்தங்களும் ஒரே காரணத்தால்தான் முடிந்தன. எலும்பு காப்பகத்தில் இருந்தது. ஐயம் வந்தவர் போய்ப் பார்த்தார்.

பருவத்தைப் பற்றிய கேள்விக்கும் கால் எலும்பே சிறந்த சாட்சி. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால், வேகமாக வளர்ந்த காலத்தின் குருதிக்குழாய் நிறைந்த திசுவும், வளர்ச்சி நின்றபின் புறவிளிம்பில் நெருங்கிப் படிந்த கோடுகளும் தெரியும். ஜெர்மனியின் லாங்கன்பெர்க் கல்குவாரியில் கிடைத்த சிறிய சாரோபாட் எலும்புகளைக் குட்டிகளுடையவை என்று எண்ணத்தான் தோன்றும். மார்ட்டின் சாண்டர் குழுவினர் எலும்புச் சீவல்களைப் பார்த்து, அவற்றில் சில முழு வளர்ச்சி அடைந்தவை, ஆறு மீட்டரைச் சற்றே தாண்டிய குள்ள இனம் என்று 2006இல் நிறுவினார்கள். யூரோபாசாரஸ் என்ற அந்த விலங்கு ஒரு தீவில் வாழ்ந்து உருவம் சுருங்கியது. உருவ அளவை ஓர் இனத்தின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பெரியது என்பதால் தனி இனம் ஆகிவிடாது. சிறியது என்பதால் குட்டி ஆகிவிடாது. மிகப் பெரிய எலும்பு ஒரு பழகிய இனத்தின் மிக மூத்த விலங்குடையதாகவும் இருக்கலாம்.

இனப்பெயர் என்ற படியில்தான் கால் எலும்பு தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றத்தை விளக்க இந்தியாவைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. 1828இல் ஜபல்பூரில் வில்லியம் ஸ்லீமன் கண்டெடுத்த வால் முதுகெலும்புகள், ஆசியாவிலேயே முதலில் பதிவான டைனோசர் எலும்புகளில் அடங்கும். 1877இல் ரிச்சர்ட் லைடெக்கர் அவற்றுக்கு டைட்டனோசாரஸ் இன்டிகஸ் என்று பெயர் வைத்தார். பின்பக்கம் பந்துபோல் உருண்ட முதுகெலும்பு அன்று தனித்துவமாகத் தெரிந்தது. நூறாண்டில் அதே அமைப்பு தென் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மடகாஸ்கரிலும் தென்பட்டு, ஒரு பெருங்குடும்பத்தின் பொதுச்சொத்தாகிவிட்டது. அந்தப் பேரினத்தின் கீழ் 14 இனங்கள் குவிந்தன. 2003இல் வில்சனும் பால் அப்சர்ச்சும் அவற்றைச் சலித்துப் பார்த்தபோது பெரும்பாலானவற்றுக்குத் தனி அடையாளம் எஞ்சவில்லை, மூலப்பெயரே செல்லாததாயிற்று. பல நுணுக்கங்களை ஏந்தும் முதுகெலும்பின் நிலையே இதுவென்றால், ஒரே வேலைக்காக ஒரே வடிவம் பெற்ற கால் எலும்புத் துண்டின் மேல் பெயரை ஏற்றிவைப்பதன் ஆபத்து இன்னும் பெரிது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கிடைப்பதே துண்டுகள்தான் என்னும்போது, முழு எலும்புக்கூடு வரும்வரை பெயர் வைக்க மாட்டோம் என்று நின்றால் பாதி உலகின் விலங்குகள் பதிவில் இல்லாமலே போகும். மேலும் ஒற்றைக் கால் எலும்பில் நிலைத்த பெயர்களும் இருக்கின்றனவே என்பார்கள். இரண்டாவது பகுதி உண்மை. இங்கிலாந்தின் டார்செட் கடற்கரையிலிருந்து 1874இல் விவரிக்கப்பட்ட ஒரு முன்கால் மேலெலும்பு, நெடுங்காலம் சீட்டியோசாரஸின் பெயரில் இருந்து, 2010இல் டியூரியாடைட்டன் என்ற தனிப் பெயர் பெற்றது. அந்த எலும்பு பெயரைப் பெற்றது அதன் அளவால் அல்லாமல், வேறெங்கும் காணாத வடிவக் கூறுகளால். என் வாதத்துக்கு இது துணையாகவே நிற்கிறது: துண்டு என்பது தடையில்லை, தனிக்கூறு இல்லாமைதான் தடை. முதல் பகுதிக்கும் பதில் உண்டு. பெயர் இல்லாத எலும்பு பதிவில் இல்லாத எலும்பு ஆகாது. ‘டைட்டனோசார், இனம் தெரியவில்லை, இந்தப் பாறை அடுக்கு, இந்த எண்’ என்று எழுதி வைத்த எலும்பு, அந்தக் குடும்பம் அந்தக் காலத்தில் அந்த நிலத்தில் வாழ்ந்தது என்ற செய்தியை முழுமையாகத் தருகிறது. பரவலையும் கண்டப் பிரிவையும் ஆராய்பவருக்கு அதுவே போதும். ஆதாரமில்லாத பெயரோ எண்ணிக்கையை ஊதிப் பெருக்கி, இல்லாத பன்மையைக் காட்டும்.

எடைக்கும் இதே அளவுகோலைப் பொருத்த வேண்டும். முன்கால் மேலெலும்பு, தொடை எலும்பு இரண்டின் தண்டுச் சுற்றளவையும் கூட்டி எடை கணிக்கும் சூத்திரம் 2012இல் வந்தது. உயிருடன் இருக்கும் நாற்கால் விலங்குகளை அளந்து உருவாக்கியது. நல்ல கருவிதான். ஆயினும் 2014இல் ட்ரெட்நாட்டஸ் என்ற டைட்டனோசாருக்கு அதே முறை 59 டன் சொன்னபோது, அடுத்த ஆண்டே எலும்புக்கூட்டின் கொள்ளளவை வைத்துக் கணித்தவர்கள் 28 முதல் 38 டன் என்றார்கள். இரண்டு எலும்பும் நன்றாகக் கிடைத்த விலங்குக்கே இவ்வளவு இடைவெளி. நீளமும் முழு உண்மையைச் சொல்வதில்லை. சாரோபாட் எலும்புகளின் முனைகள் கரடுமுரடாக இருப்பதற்குக் காரணம், அவற்றின் மேல் தடித்த குருத்தெலும்புத் தொப்பி இருந்து அழிந்ததே. உயிரோடு இருந்தபோது கால் எவ்வளவு நீளம் என்பதை எலும்பின் நீளம் குறைத்தே காட்டும். வெறும் டிபியா நீளத்திலிருந்து டன் கணக்குக்குத் தாவும்போது இந்தப் பிழைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன.

இந்த வெளிச்சத்தில் கல்லமேட்டுக்குத் திரும்பலாம். அங்கே கிடைத்தது மரம் என்ற ஐயத்தைப் புறக்கணிக்க முடியாது. பக்கத்திலேயே பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கும் நிலப்பகுதி இது. ஆனால் களத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் 2022இல் வெளியானபோது, பெரிய சாரோபாட் எலும்பு என்ற கருத்து வலுத்தது. குலம் என்ற படி, அதனால், ஓரளவு உறுதி. அதற்கு அடுத்த படிக்குப் போனால் கணக்கு உறுத்துகிறது. டைட்டனோசார்களில் டிபியாவின் நீளம் தொடை எலும்பில் ஏறத்தாழ 60 முதல் 65 விழுக்காடு. 1987 அறிக்கை கல்லமேட்டுக் கால் எலும்பை டிபியா என்றே சொன்னது; டிபியா 2 மீட்டர் என்றால் தொடை எலும்பு 3 மீட்டரைத் தாண்ட வேண்டும். இன்று அறியப்பட்ட பேருருவங்களில் ஒன்றான பட்டகோடைட்டனின் தொடை எலும்பே சுமார் 2.4 மீட்டர்தான். அந்த எலும்பு உண்மையில் டிபியாவாக இருந்தால் அது ஈடிணையற்ற விலங்கு. தொடை எலும்பாக இருந்தால் உலகில் பல இடங்களில் கிடைத்த பெரிய டைட்டனோசார்களில் ஒன்று. இரண்டில் எது என்று தீர்ப்பது, ரிக்ஸின் ஆய்வறையில் நடந்ததுபோல், சுத்தம் செய்த எலும்பை மேசையில் வைத்துப் புரட்டிப் பார்க்கும் வேலை. அது இனி நடக்காது. ஈரத்தில் பொடிந்துபோகும் தன்மை கொண்ட அந்த எலும்புகள் காப்பகம் சேருமுன்னரே சிதைந்துவிட்டன என்று 2017இல் வெளியான ஒரு கட்டுரை தெரிவித்தது. அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஒருவர் அய்யாசாமியே.

புகைப்படமும் அளவுகளும் இருக்கின்றனவே, அவை போதாதா என்று கேட்கலாம். தோராயமான முடிவுக்குப் போதும். ஆனால் புகைப்படம் எடுத்தவர் காட்ட நினைத்த பக்கத்தை மட்டுமே காட்டும். பின்புற மேட்டைத் தடவிப் பார்க்கவும், உடைந்த முகத்தைச் சீவி நுண்ணோக்கியில் வைக்கவும், மேலே இட்ட பூச்சுக்கும் எலும்புக்கும் எல்லை எங்கே என்று பார்க்கவும் அதில் வழியில்லை. எலும்பு இருந்தால் தவறும் திருந்தும். டைட்டனோசாரஸின் மூல முதுகெலும்பு காணாமல் போனதாகப் பல காலம் கருதப்பட்டு, பிறகு கொல்கத்தாவில் மறுபடி அடையாளம் காணப்பட்டது. பெயர் செல்லாமல் போனாலும் அந்த எலும்பு இன்றும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. புருகத்காயோசாரஸின் நிலை நேர்மாறானது. பெயர் புழங்குகிறது, பதில் சொல்ல எலும்பு இல்லை.

காவிரிப் படுகையின் பாறைகள் இன்னும் முழுமையாகத் தேடப்படவில்லை. டைனோசர் யுகம் முடிந்த காலத்தின் நிலப் படிவுகள் தமிழ்நாட்டில் நமக்கு வாய்த்திருக்கும் அரிய இடம் கல்லமேடு. அங்கே அடுத்த மழைக்குப் பிறகு ஒரு கால் எலும்பின் முனை மண்ணிலிருந்து எட்டிப் பார்க்குமானால், முதலில் வேண்டியது பெயரன்று. எடுப்பதற்கு முன்பே இறுக்கும் பசை, சாக்குத்துணியும் பிளாஸ்டர் கட்டும், எல்லாப் பக்கமும் முப்பரிமாணப் பதிவு, ஒரு வார்ப்பு, ஒரு காப்பக எண் ஆகியவை வேண்டும். அரியலூர் மாவட்டத்திலேயே வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. எலும்பு தங்க இடமில்லை என்று இனி சொல்ல வேண்டியதில்லை. அப்படிக் கிடைக்கும் துண்டு ஒரு முழ நீளமே இருந்தாலும், ‘டைட்டனோசார், இடத் தொடை எலும்பின் நடுப்பகுதி, முழு வளர்ச்சி அடைந்தது’ என்ற ஒரு வரியை ஐயமின்றி எழுதிவிடலாம். 170 டன் என்ற எண்ணைவிட நம் மண்ணின் பழைய விலங்கைப் பற்றி அந்த ஒரு வரியே உறுதியாகச் சொல்லும். ஐயம் கொள்பவர் எவரும் போய் எடுத்துப் பார்க்கலாம்.